மீன் தொட்டியின் மர மூடி வளையாமல் இருக்க

மர மூடி போட்ட மீன் தொட்டி எந்த வீட்டில் இருந்தாலும், அனுமதி கேட்டு அந்த மூடியைத் திறந்து உள்பக்கத்தைத் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வெளியே எனாமல் பளபளக்கும், இல்லையென்றால் மைக்கா ஒட்டியிருக்கும். உள்ளே பெரும்பாலும் வெறும் மரம்தான். பெயின்ட் பிரஷ் அந்தப் பக்கம் போயே இருக்காது. கேட்டால் ‘உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்’ என்பார்கள். யாரும் பார்க்கப் போவதில்லை, சரி. ஆனால் தண்ணீர் இருப்பது அந்தப் பக்கம்தானே?

எங்கள் வீட்டு மூன்றடித் தொட்டியோடு கடையில் வாங்கிய மூடியும் அப்படித்தான் வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் திறப்புப் பலகையின் மூலைகள் மேலே தூக்கிக்கொண்டன. நடுப்பகுதி தண்ணீரை நோக்கி இறங்கிவிட்டது. வீட்டில் அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார்கள். குழவி இருந்தவரை மூடி ஒழுங்காக இருந்தது, எடுத்ததும் பழையபடி. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு நானே ஒன்று செய்தேன். பிறகு நண்பர்கள் வீடுகளுக்கும் செய்துகொடுத்தேன். சென்னை கொளத்தூரில் வளர்ப்பு மீன் வாங்கப் போகும்போது பழக்கமானவர்கள் சிலருடைய வளைந்த மூடிகளையும் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான்: வெளியே ஒரு கவனிப்பு, உள்ளே ஒரு கவனிப்பு.

வளைந்த பலகை எந்தப் பக்கம் புடைத்திருக்கிறது என்று பாருங்கள். ஈரம் ஏறிய பக்கம் விரியும், காய்ந்த பக்கம் அப்படியே நிற்கும். அதனால் ஈரமான பக்கம் புடைத்து, காய்ந்த பக்கம் குழிந்து போகும். மூடியின் நடுப்பகுதி தொட்டிக்குள் தொங்கி ஓரங்கள் மேலே வந்தால் உள்பக்கம் ஈரம் குடிக்கிறது என்று அர்த்தம். பெயின்ட் அடித்த சில மணி நேரத்திலேயே வளைந்தால் அது வேறு: அடித்த பெயின்டில் இருந்த தண்ணீரே ஒரு பக்கத்தை ஊற வைத்திருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் வகைக்கு மாதக்கணக்காகும், இரண்டாவது வகை பெயின்ட் அடிக்கும் மேசையிலேயே நடந்துவிடும்.

மரம் காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொள்ளும், காற்று வறண்டால் திருப்பிக் கொடுக்கும். மரத்தை வெட்டி எத்தனை வருடமானாலும் இந்தக் குணம் போகாது. ஈரம் ஏறும்போது பலகை அகலத்தில் விரியும், நீளவாக்கில் அனேகமாக அசையாது. தேக்கு நம்மூரில் அசையாத மரம் என்று பெயர் வாங்கியது. அதுவே, மரத்தின் நுண்ணிய செல்களின் சுவர் முழுக்க ஊறிய நிலையிலிருந்து ஒட்டக் காயும்வரை, ஆண்டு வளையங்களின் போக்கில் 5.8 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருக்கம் 2.5 சதவீதம்தான். ஊறிய நிலை என்பது மரத்தின் காய்ந்த எடையில் சுமார் 30 சதவீத ஈரம். ஆக, ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் பலகையின் அகலம் 0.2 சதவீதம் போலக் கூடும்.

சின்னக் கணக்குதானே என்று தோன்றும். ஒன்றரை அடி அகலம், 12 மி.மீ. கனமுள்ள ஒரு தேக்குப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்முகத்தில் ஈரம் 2 சதவீதம் கூடிவிட்டது, வெளிமுகம் அப்படியே இருக்கிறது. பிடித்து நிறுத்தச் சட்டம் எதுவும் இல்லையென்றால், இந்த 2 சதவீத வித்தியாசத்துக்கே பலகை 8 மி.மீ. வரை வளையலாம். மீன் தொட்டிக்கு மேலே வித்தியாசம் இரண்டோடு நிற்பதும் இல்லை. சுமார் 30 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் 9 சதவீத ஈரத்தில் போய் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தொடும்.

இதில் ஏசி அறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏசி போட்ட அறையில் காற்று வறண்டிருக்கும், மூடியின் வெளிப்பக்கம் காய்ந்துகொண்டே இருக்கும். தொட்டித் தண்ணீரோ ஏசி காற்றை விட வெதுவெதுப்பாக, நீராவி விட்டுக்கொண்டு கிடக்கும். ஒரே பலகையின் ஒரு முகம் பாலைவனத்தில், மறுமுகம் மழைக்காலத்தில். எங்கள் சென்னை வீட்டுக் கூடத்தில் ஜன்னல் எப்போதும் திறந்திருப்பதால் வெளிக்காற்றே ஈரம்தான், இரண்டு முகத்துக்கும் வித்தியாசம் குறைவு. படுக்கையறையில் ஏசிக்குக் கீழே தொட்டி வைத்திருக்கும் நண்பர் வீட்டு மூடிதான் நான் பார்த்ததிலேயே அதிகமாகக் கோணியிருந்தது. கடற்கரைக் காற்றுதான் காரணம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

சரி, பெயின்ட் அடித்துவிட்டால் மரத்துக்குள் ஈரம் போகாதா? போகும். எந்தப் பூச்சையும் நீராவி மெல்ல மெல்லக் கடந்துவிடும். பூச்சு செய்வதெல்லாம் அந்த வேகத்தைக் குறைப்பதுதான். அமெரிக்காவில் மேடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகம் பலவிதப் பூச்சுகளை மரத்தில் பூசி, ஈரக்காற்றில் வைத்து எடை பார்த்திருக்கிறது. உருக்கிய மெழுகில் முக்கியதும், இரண்டு கலவை எபாக்சி (பிசினையும் அதை இறுக வைக்கும் திரவத்தையும் கலந்து பூசுவது) பூசியதும் முன்னணியில் வந்தன. ஆளிவிதை எண்ணெய் கிட்டத்தட்ட எதையும் தடுக்கவில்லை. தடுத்த பூச்சுகள் பெரும்பாலானவற்றில் ஒரு கோட்டுக்கும் மூன்று கோட்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தது. எண்ணெய் தடவினால் மரம் தண்ணீர் குடிக்காது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் இதைத்தான் நான் சொல்வது. எண்ணெய் அழகாக இருக்கும், மறுக்கவில்லை.

பூச்சு வேகத்தைக் குறைக்கிறது என்றால், ஒரு பக்கம் மட்டும் பூசுவது பூசாமல் விடுவதை விடக் கெடுதல். பூசாத பலகை இரண்டு பக்கமும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்கவாவது வாய்ப்பு இருக்கிறது. ஒரு பக்கம் மூன்று கோட் எனாமல் போட்டு மறுபக்கத்தை வெறுமனே விட்டால் வளைவதற்கு நாமே ஏற்பாடு செய்து கொடுக்கிறோம். எனக்கு உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த எங்கள் தெரு ஆசாரி ஒரே வரியில் சொல்லுவார்: “வெளிய அடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள அடி தம்பி. அப்பத்தான் உள்ள அடிப்ப.” மனிதர்களையும் நன்றாகத் தெரிந்தவர். வெளிப்பக்கம் அழகாக முடிந்துவிட்டால் உள்பக்கம் நாளைக்கு என்று தள்ளிப்போகும், அந்த நாளை வராது.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். மூடியின் தட்டையான பகுதிகளுக்கு நான் பிளைவுட்தான் எடுக்கிறேன். மெல்லிய தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக, ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஒட்டியிருப்பதால் ஒரு தகடு விரியப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். கடையில் எம்ஆர் (ஈரத்தை ஓரளவு தாங்கும் ரகம்) என்று சொல்லிக் கொடுப்பது வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்குச் சரி. அதன் பசை நீராவிக்கு மேலே வருடக்கணக்காக நிற்காது, தகடு தகடாகப் பிரியும். பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும் ரகம்) அல்லது மரைன் என்று கேட்டு, பலகையில் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதன் பசை பினாலிக் வகை, கொதிநீரில் போட்டாலும் பிரியாது. ஆனால் மரைன் என்ற பெயரைப் பார்த்துப் பூச்சைக் குறைத்துவிடாதீர்கள். பசைதான் தண்ணீரைத் தாங்குகிறது. மரம் எப்போதும் போல ஈரம் குடிக்கத்தான் செய்யும்.

பிளைவுட்டும் கடையிலேயே வளைந்திருக்கும். பலகைகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தி வைத்திருக்கும் கடையில் இது சகஜம். விளிம்போடு ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால் வில் மாதிரி வளைந்திருப்பது தெரிந்துவிடும். முறுக்கு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூலை இறுக்கிப் பிடித்தால், நல்ல பலகையில் இரண்டும் நடுவில் லேசாகத் தொட்டுக்கொள்ளும். நடுவே இடைவெளி விழுந்தாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ வேறு பலகை கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. மூன்றடி மூடிக்கு 12 மி.மீ. போதும். 6 மி.மீ. எடுத்தால் எடை குறையும், ஆனால் என்ன பூசினாலும் நெளியும்.

மரநாரையும் மரத்தூளையும் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டும் வேண்டாம். விளிம்பில் ஒரு சொட்டு நின்றால்கூட உப்பி, அதன் பிறகு காய்ந்தாலும் இறங்காது. பிவிசி ஃபோம் பலகை தண்ணீர் குடிக்காது என்பது உண்மை, கடைகளில் இப்போது அதில்தான் நிறையச் செய்கிறார்கள். விளக்குச் சூட்டில் நீளமான துண்டு நடுவில் தொய்வதையும் பார்த்திருக்கிறேன். தவிர, கூடத்தில் தேக்கு அலமாரிக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ரசனை விஷயம்.

முழு மரத்திலேயே செய்ய ஆசைப்படுபவர்கள் பழைய வீட்டுக் கதவுகளைப் பார்க்கட்டும். நான்கு பக்கமும் சட்டம், நடுப்பலகை சட்டத்தில் நீளமாக வெட்டிய பள்ளமான காடிக்குள் பசையில்லாமல் சும்மா செருகப்பட்டிருக்கும். பலகை விரிந்தால் காடிக்குள் நகர இடமுண்டு, சட்டம் அதைத் தட்டையாகப் பிடித்திருக்கும். தொட்டி மூடிக்கும் அதே முறைதான். ஒரே அகலப் பலகையை எடுத்து ஓரம் முழுக்கப் பசை போட்டு இறுக்கினால் அது வளையும், வளைய விடாவிட்டால் வெடிக்கும். நடுப்பலகையைச் செருகுவதற்கு முன்பே அதன் விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் பூசிவிட வேண்டும். இல்லையென்றால் பங்குனி வெயிலில் பலகை சுருங்கும்போது பெயின்ட் படாத கோடு ஒன்று பல்லைக் காட்டும். பின்னால் குறுக்குச் சட்டம் வைத்துத் திருகுபவர்கள் சட்டத்திலுள்ள நடு ஓட்டையை மட்டும் இறுக்கமாக வைத்து, ஓர ஓட்டைகளைப் பலகையின் அகலவாக்கில் நீள்வட்டமாக எடுக்கட்டும். ஸ்க்ரூ பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ இருக்கட்டும். இரும்பு துருப்பிடிக்கும், தேக்கில் கறுப்புக் கறையும் விடும்.

மரம் எதுவாக இருந்தாலும் வாங்கிய அன்றே வெட்டாதீர்கள். தொட்டி இருக்கும் அறையிலேயே, கீழே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகள் கொடுத்து, இரண்டு பக்கமும் காற்றுப் போகும்படி படுக்கப் போட்டு வையுங்கள். மர டிப்போவில் மழையில் நனைந்து கிடந்த தேக்குக்கு வாரக்கணக்கில் வேண்டும், பிளைவுட்டுக்குச் சில நாள் போதும். ஈரத்தோடு இருக்கும் மரத்தை ஆறு பக்கமும் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே சிக்கி, பெயின்ட் கொப்பளித்துக்கொண்டு வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம்மூரில் மர வேலை என்றாலே ஆசாரி ஒரு டப்பா கரையான் மருந்தோடு வருவார். மீன் தொட்டிக்கு மேலே வரும் எந்தப் பலகையிலும் அதைத் தொடவே விடாதீர்கள். அந்த மருந்துகள் பலவற்றில் இருக்கும் சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் போன்றவை மீன்களுக்குக் கொடிய விஷம், மிகச் சிறிய அளவே போதும். தாமிரம் கலந்த மரப்பாதுகாப்பு மருந்து இறால் வளர்ப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. மூடியின் உள்பக்கத்தில் வழியும் ஒவ்வொரு சொட்டும் தொட்டிக்குள்தான் விழும் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது பெயின்ட். முதலில், எல்லா வெட்டு வேலையையும் முடித்துவிடுங்கள். மூடியை ஒருமுறை முழுக்கப் பூட்டிப் பாருங்கள். கீல் ஓட்டை, ஸ்க்ரூ ஓட்டை, வயர் போகும் வழி, காற்றோட்டத் துளை, மீனுக்குத் தீனி போடும் திறப்பு எல்லாவற்றையும் எடுத்த பிறகு பிரித்துப் போட்டுத்தான் பிரஷைத் தொட வேண்டும். பூசி முடித்த பலகையில் அப்புறம் ஒரு ஓட்டை போட்டால் அது ஈரத்துக்குத் திறந்துவிட்ட வாசல்.

உப்புத்தாள் தேய்ப்பதிலும் சமன் வேண்டும். பிளைவுட்டின் மேல் தகடு மிக மெல்லியது. ஒரு பக்கம் மினுமினுக்க வேண்டும் என்று அழுத்தித் தேய்த்து அந்தத் தகட்டை மெலிய வைத்தால் எதிர்ப்பக்கத் தகடு ஜெயித்துவிடும், பலகை அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். 120ஆம் நம்பரில் லேசாக, அடுத்து 220, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அதோடு விடுங்கள்.

அடுத்தது விளிம்புகள். பலகையின் வெட்டுமுனை பழைய நீர்க்குழாய்களின் வாய். மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய அதே குழல்கள் அங்கே திறந்து கிடக்கின்றன, பரப்பை விடப் பல மடங்கு வேகமாக ஈரம் உள்ளே போகும். அதனால் முதல் பிரஷ் அங்கேதான். ப்ரைமரை டர்பன்டைன் கலந்து கொஞ்சம் இளக்கி, விளிம்பு குடிக்கும்வரை கொடுங்கள். குடித்து மங்கிப்போனால் மறுபடி கொடுங்கள். பிளைவுட் விளிம்பில் உள் தகடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும், அவற்றைத் தண்ணீரில் குழைக்கும் பட்டியால் அடைக்காமல் எபாக்சி பட்டியால் அடைப்பது நல்லது. ஸ்க்ரூ ஓட்டைகளுக்குள் ஒரு தீக்குச்சியில் ப்ரைமரைத் தொட்டு விட்டுவிடுங்கள்.

முதல் கோட் எண்ணெய் சார்ந்த வுட் ப்ரைமராக இருக்கட்டும், கடையில் வெள்ளையிலும் வெளிர் சிவப்பிலும் கிடைக்கும் அதுதான். தண்ணீர் சார்ந்த ப்ரைமர் வாடை இல்லாதது, கை கழுவுவது சுலபம் என்று பலர் விரும்புகிறார்கள். ஆனால் வெறும் மரத்தின் மேல் போடும் அந்த முதல் கோட்டில் இருக்கும் தண்ணீரை மரம் அப்படியே இழுத்துக்கொள்ளும். மெல்லிய பலகை உங்கள் கண் முன்னாலேயே பூசிய பக்கம் புடைத்து எழும். தண்ணீர் சார்ந்ததைத்தான் அடிப்பேன் என்றால் மெல்லிய கோட்டாக அடியுங்கள், அது காய்வதற்குள் மறுபக்கமும் அடித்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக ஊறி ஒன்றாகக் காய்ந்தால் பலகை தானே தட்டைக்கு வந்துவிடும்.

ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் எப்படி அடிப்பது? ஒரு கழிவுப் பலகையில் நாலைந்து ஆணிகளை முழுக்க அடித்து முனை மறுபக்கம் வெளியே வரும்படி விடுங்கள். அந்த முனைகள் மேலே பார்க்கட்டும். மூடிப் பலகையின் உள்பக்கத்தை முதலில் பூசி, திருப்பி, ஈரத்தோடு ஆணி முனைகளின் மேல் வைத்து வெளிப்பக்கத்தைப் பூசிவிடலாம். ஆணி பட்ட இடத்தில் ஊசிமுனை அளவு தழும்பு வரும், அது உள்பக்கம், அடுத்த கோட்டில் மறைந்துவிடும். கீல் ஓட்டை வழியே கம்பி கோத்துத் தொங்கவிடுவதும் நல்ல வழிதான், சின்னத் துண்டுகளுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். தரையில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் படுக்கப் போட்டு உலர்த்துவதுதான் வேண்டாதது. கீழ்ப்பக்கத்துக்குக் காற்றே போகாது.

வெயில் இன்னொரு வில்லன். பூசிய பலகையை மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் காயப்போட்டால் சீக்கிரம் காயும் என்று எல்லோருக்கும் தோன்றும். வெயில் படும் முகம் மட்டும் சூடாகிக் காய்ந்து சுருங்கும், அடிமுகம் அப்படியே இருக்கும். பூச்சு மரத்தைக் காப்பாற்றும் என்று நம்பி அடித்த அன்றே பலகையை வளைத்துவிடுகிறோம். நிழல், காற்றோட்டம், நேராக ஃபேன் அடிக்காத இடம் போதும். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் தொடங்கி மாலை ஈரம் இறங்குவதற்குள் முடிப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்த வேலையைத் தொடாமல் மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போட்டால் எனாமலும் நன்றாகக் காயும், மரமும் அளவான ஈரத்தில் இருக்கும்.

கோட் கணக்கு எளிது. ப்ரைமர் இரண்டு பக்கமும் ஒன்று, சிந்தடிக் எனாமல் இரண்டு பக்கமும் இரண்டு, நடுநடுவே 320 உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல். உள்பக்கம் ஒரு கோட் கூடினால் தப்பில்லை, ஈரம் அதிகம் பார்ப்பது அதுதான். குறையத்தான் கூடாது. உள்பக்கத்துக்கு வெள்ளை எனாமல் போடுங்கள், விளக்கு வெளிச்சம் வீணாகாமல் தொட்டிக்குள் இறங்கும். கரும்பூஞ்சை பிடித்தாலும் உடனே தெரியும்.

வெளியே மைக்கா ஒட்ட நினைத்தால் உள்ளேயும் லைனர் மைக்கா (உள்பக்கத்துக்கென்று விற்கும் மெல்லிய மைக்கா) ஒட்ட வேண்டும். மைக்கா ஈரத்தை அனேகமாக விடவே விடாது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பெயின்ட் விஷயத்தில் சொன்ன அதே கோளாறு இன்னும் பலமாக வரும். கடைகளில் வரும் மூடிகள் பல இந்த ஒரு காரணத்தால்தான் கோணுகின்றன என்பது என் கணிப்பு.

ஏசி அறை, பெரிய தொட்டி என்றால் உள்பக்கத்துக்கு எனாமலை விட இரண்டு கலவை எபாக்சியே மேல். நம் ஊர்ச் சூட்டில் கலந்த எபாக்சி கிண்ணத்திலேயே இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் ஊற்றிப் பூசுங்கள். ஈரக்காற்று நாட்களில் காய்ந்த பிறகு மேலே பிசுபிசுப்பாக ஒரு படலம் நிற்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் போய்விடும், அதைத் துடைக்காமல் அடுத்த பூச்சு அடித்தால் ஒட்டாது. எபாக்சி உள்ளே போட்டால் வெளியேயும் ஒரு கோட் எபாக்சி போட்டு, அதற்கு மேல் எனாமல் அடிப்பதுதான் சமன்.

காய்ந்த எனாமல் கைக்கு ஒட்டாது என்பதால் காய்ந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். உள்ளுக்குள் அது காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுத்து இறுகிக்கொண்டே இருக்கும். பூட்டிய மூடிக்குள் மூக்கை விட்டு முகர்ந்தால் வாடை வரக்கூடாது, அதுவரை தொட்டி மேல் ஏற்றாதீர்கள். வாரக்கணக்கில் ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபைட்டர், கவுராமி போன்ற மீன்கள் மேலே வந்து காற்றையே நேரடியாக வாங்கும். மூடிக்குள் தேங்கும் வாடை முதலில் அவற்றைத்தான் தாக்கும். இன்னொன்று, தொட்டி இருக்கும் அறையில் பெயின்ட் அடிக்கவே வேண்டாம். ஏர் பம்ப் அந்த அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் விடுகிறது.

பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கண்ணாடி வையுங்கள். 4 அல்லது 5 மி.மீ. கண்ணாடியைத் தொட்டியின் உள்விளிம்பில் ஒட்டிய கண்ணாடிப் பட்டைகளின் மேல் உட்கார வைத்தால் போதும். ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் வேர்க்கும் நீர் தொட்டிக்கே வழிந்து போகும். மூடியின் பின்பலகையில் கீழே சில துளைகளும் மேலே சில துளைகளும் இருந்தால் விளக்குச் சூட்டிலேயே காற்று மேலேறி ஈரத்தை வெளியே கொண்டுபோகும். பழைய ட்யூப்லைட் சோக்கை மூடிக்குள் வைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுத்து எல்இடிக்கு மாறலாம். சோக் இருக்கும் இடத்தில் மட்டும் பலகை வறண்டு வெடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே வளைந்த மூடி வைத்திருப்பவர்கள் அதை உடனே விறகாக்க வேண்டாம். கழற்றி, விளிம்பில் நிற்க வைத்து, இரண்டு பக்கமும் காற்றுப்பட நிழலில் விடுங்கள். ஈரம் இறங்கினால் பாதிக்கு மேல் தானே நிமிரும், நிமிர்ந்த கையோடு வெறும் பக்கத்தைப் பூசுங்கள். நிமிராமல் அடம்பிடிக்கும் முழு மரப் பலகைக்குக் குழிந்த பக்கத்துப் பெயின்டைச் சுரண்டி, அங்கே ஈரத்துணி போட்டு, தட்டையான பலகைகளுக்கு நடுவே கிளாம்பால் இறுக்கி மெல்லக் காயவிடலாம். சில சமயம் சரியாகும். பிளைவுட் தகடு பிரிந்திருந்தால் அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றுவது மேல், மெனக்கெட வேண்டாம்.

பூட்டிய பிறகு வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்குமுன், கீல் ஓரத்தையும் வயர் துளையையும் பாருங்கள். பூச்சு முதலில் உரிவது இந்த இரண்டு இடத்தில்தான். கீலைக் கழற்றி அடியில் தேய்த்து ஒரு கை எனாமல் கொடுங்கள். வயர் துளைக்குள் சுற்றிலும் சிலிக்கான் விட்டு, வயரைப் பிளக்கின் மட்டத்துக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றுங்கள். வயர் வழியே இறங்கும் சொட்டு அந்தத் தொங்கலில் கீழே விழுந்துவிடும், பிளக்குக்குள் போகாது.